கழிமுகத்து மீன்பிடிப்புக்கு ஏற்ற சிறு அலுமினியப் படகு

கடற்கரையை அடுத்த நமது கிராமங்களில் விவசாயமும் மீன்பிடித் தொழிலும் அடுத்தடுத்து நடைபெறுகின்றன. வள்ளூர், அத்திப்பட்டு, மீஞ்சூர் முதலிய ஊர்களில் நெல்வயலைத் தாண்டினால் உவர்நிலமும், அதனை அடுத்து உப்பளமும், அதற்கப்பால் கழியும் காணப்படும். இவ்வூர்களில் படகு மீனவருக்கு மாத்திரம் உரிய சாதனமன்று. கழிக்கரையில் நிலமுடையோர் சிலர் படகு வாங்கி மீனவரிடம் பங்குக்கு விடுகின்றனர். சிலர் இறால் பண்ணைக் காவலுக்கும், அக்கரை சென்று வருதற்கும் படகு வைத்துக்கொள்கின்றனர். கொசஸ்தலையாற்றில் வெள்ளம் புரண்டு வரும் காலங்களில் ஊராரைக் கரை சேர்ப்பதும் இதே சிறு படகுதான்.

அண்மைக் காலத்தில் அலுமினியப் படகைப் பற்றிப் பலரும் விசாரிக்கின்றனர். இரும்பைப் போல் துருப்பிடிப்பதில்லை, மரத்தைப் போல் உளுப்பதில்லை, எடையும் குறைவு என்று கேள்விப்பட்டு, உடனே வாங்கலாமா என்று கேட்கின்றனர். உலோகத்தைப் பற்றிய இக்கேள்வி இரண்டாவதாகக் கேட்கத்தக்கது. முதலாவது கேட்க வேண்டியது, படகு ஓடப்போகும் நீர் எத்தகையது, அதில் மனிதர் நின்று வேலை செய்தால் படகு கவிழாதிருக்குமா என்பதேயாகும். இதனைத் தீர்மானித்த பின்னரே உலோகத்தைப் பற்றி யோசித்தல் வேண்டும். இம்முறை தவறினால் கடனுக்கு வாங்கிய படகு கரையில் கிடக்கும். அல்லது அதனினும் பெருந்தீங்கு விளையும்.

நீரின் இயல்பு

பூண்டி நீர்த்தேக்கத்தின் உபரிநீர் தாமரைப்பாக்கம் அணைக்கட்டையும் வள்ளூர் அணைக்கட்டையும் கடந்து எண்ணூரில் கடலை அடைகின்றது. கழியின் நீர் மழைக்காலத்தில் நன்னீராகவும், கோடையில் கடல்நீரைப் போன்ற உப்புநீராகவும் மாறுகின்றது. சென்னைக் கரையில் பெரிய ஓத நாட்களிலும் கடலின் ஏற்ற வற்றம் ஏறத்தாழ ஒரு மீட்டர் அளவினதே. ஆயினும் ஆழமற்ற கழியில் இந்தச் சிறு வேறுபாடே படகு செல்லும் வழியைத் திறக்கவும் அடைக்கவும் போதுமானது.

இவ்வியற்கையோடு மனிதர் செய்த மாறுதல்களும் சேர்ந்துள்ளன. வடசென்னை அனல் மின்நிலையம் 1990-களிலும், எண்ணூர்த் துறைமுகம் 2001-ஆம் ஆண்டிலும் செயற்படத் தொடங்கின. வள்ளூரில் ஒவ்வொன்றும் 500 மெகாவாட் திறனுள்ள மூன்று அலகுகளைக் கொண்ட அனல் மின்நிலையம் 2012-ஆம் ஆண்டு முதல் உற்பத்தி தொடங்கிற்று. நிலக்கரிச் சாம்பலை நீருடன் கலந்து கொண்டுசெல்லும் குழாய்களின் கசிவினால் கொசஸ்தலையாற்றிலும் கழியிலும் சாம்பல் படிந்து, ஆழம் குறைந்த இடங்கள் பல. 2022-ஆம் ஆண்டில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இது பற்றி விசாரித்துச் சாம்பலை அகற்றும்படி உத்தரவிட்டது. முன்பு தடையின்றிப் படகு சென்ற இடங்களில் வற்ற நேரத்தில் இன்று இறங்கித் தள்ளிச் செல்லும்படி நேருகின்றது.

ஆகவே நமது கழிக்கு வேண்டிய படகு குறைந்த நீரில் மிதப்பதாயிருத்தல் வேண்டும். அடியில் ஆளி ஓடுகளும், வலை கட்டிய தறிகளின் முறிந்த அடிகளும் உள்ளமையால் கீறலையும் மோதலையும் தாங்குவதாயிருத்தல் வேண்டும். சேற்றில் தட்டினால் இருவர் தள்ளி நகர்த்தக்க எடையுடையதாயும் இருத்தல் வேண்டும்.

முன்னோர் கண்ட வழி

நம் கரையின் பழைய மிதவைகள் ஒவ்வொன்றும் தத்தம் நீருக்கேற்ப அமைந்தவை. கட்டுமரம் அலைமோதும் கடற்கரைக்கு உரியது. மரக்கட்டைகளே மிதவையாதலால் அதில் நீர் நிரம்புவதற்கு இடமில்லை, கவிழ்ந்தாலும் மூழ்குவதில்லை. சென்னை ராஜதானியின் மீன்வளத் துறை இயக்குநராயிருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1920-ஆம் ஆண்டில் வெளியிட்ட இந்தியப் படகுகளைப் பற்றிய ஆராய்ச்சியில் இக்கரையின் மிதவைகளை விரிவாக ஆராய்ந்துள்ளார். பழவேற்காட்டு ஏரியில் தோணி வழக்கிலிருந்தது. 1806-ஆம் ஆண்டளவில் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டப்பட்டு, 1878 முதல் பக்கிங்ஹாம் கால்வாய் எனப் பெயர் பெற்ற நீர்வழியில், விறகும் உப்பும் ஏற்றிய தட்டையடிப் படகுகள் கோலூன்றியும் கயிறிழுத்தும் சென்றன. ஆழமற்ற நீருக்கு அகன்ற தட்டையடி என்னும் விதியை முன்னோர் அனுபவத்தால் அறிந்திருந்தனர்.

1979-ஆம் ஆண்டில் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டத்தினர் கரையேறும் படகுகளைப் பற்றிப் பல சோதனைகள் நடத்தினர். 2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின்னர்க் கண்ணாடியிழைப் படகுகள் நம் கரையெங்கும் பெருகின. ஆயினும் கடலுக்கென்று அமைத்த நீண்ட படகு கழிக்குப் பொருந்துவதில்லை. கழிக்குச் சிறியதும் அகன்றதுமான வேறொரு படகு வேண்டும். அலுமினியத் தகட்டைக் கொண்டு இத்தகைய படகைச் செய்தல் எளிது; தட்டையான தகட்டைத் தட்டையாகவே வைத்து இணைத்தால் போதும்.

அகலமே ஸ்திரத்தன்மைக்கு ஆதாரம்

படகு ஒருபுறம் சாயும்போது அதனை மீண்டும் நிமிர்த்தும் சக்தி, நீர்மட்டத்தில் படகுக்குள்ள அகலத்தையே பெரிதும் பற்றியுள்ளது. நீளம் இருமடங்கானால் இச்சக்தி இருமடங்காகும். அகலம் இருமடங்கானாலோ எட்டு மடங்காகும். அதாவது அகலத்தின் முப்பெருக்கத்துக்கு ஏற்ப இது வளர்கின்றது. 3 அடி அகலத்தையும் 4 அடி அகலத்தையும் ஒப்பிட்டால் 27-க்கு 64 என்னும் விகிதம் கிடைக்கும். ஓர் அடி கூடிய மாத்திரத்தில் இச்சக்தி இரண்டேகால் மடங்குக்கு மேல் ஏறிவிடுகின்றது.

இதனை ஓர் உதாரணத்தால் விளக்குவோம். நீர்மட்டத்தில் 12 அடி நீளமுள்ள தட்டையடிப் படகு ஒன்றில் 65 கிலோ எடையுள்ள இருவர் நின்று வலை வீசுவதாகவும், படகு, ஆள், வலை, மீன் யாவும் சேர்ந்து 300 கிலோ எனவும் கொள்வோம். படகின் அகலம் 4 அடியாயின், இருவரும் ஒரே பக்கமாக நடுவிலிருந்து ஒன்றரை அடி நகர்ந்து நின்றால் படகு ஏறத்தாழ 13 பாகை சாயும். அப்பக்கத்து விளிம்பு ஐந்தரை அங்குலமளவு தாழும். இது அச்சப்படத்தக்கதன்று. அகலம் 3 அடியாயின், இருவர் நின்ற நிலையில் படகை நிமிர்த்தும் சக்தி ஏறக்குறைய அற்றுப்போகின்றது. அதே இருவர் குறுக்குப்பலகையில் அமர்ந்திருந்தால் அந்தக் குறுகிய படகும் ஓரளவு தாங்கும். நின்றவுடன் உடலின் பாரம் மேலே ஏறுவதே இவ்வேறுபாட்டுக்குக் காரணம். அமர்ந்து தூண்டில் போடுவதற்கும் நின்று வீச்சுவலை வீசுவதற்கும் ஒரே படகு போதாது என்பது இதனால் விளங்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். விற்போர் கூறும் அகலம் பெரும்பாலும் மேல்விளிம்பின் அகலமாகும். பக்கங்கள் வெளிப்புறம் விரிந்து நிற்கும் படகில் மேலே 4 அடியும் அடியில் 3 அடியும் இருக்கக்கூடும். நீரில் அமிழும் பகுதி அடிப்பகுதியேயாதலால், அளவுநாடாவை அடித்தகட்டின் குறுக்கே பிடித்து அளத்தல் வேண்டும். அங்கே 4 அடிக்குக் குறைந்த படகை, நின்று வலை வீசுதற்கென வாங்கலாகாது.

படகினுள் தேங்கும் நீரும் சாய்வை அதிகரிக்கும். படகு சாயும் பக்கத்துக்கே அந்நீரும் ஓடிச் சேர்வதால், நான்கு குடம் நீர் கல்லைப்போல் ஓரிடத்தில் கிடக்கும் பாரத்தைக் காட்டிலும் பன்மடங்கு தீங்கு செய்யும். அடித்தகட்டின் நீளவாக்கில் உள்ள வலுவிளிம்புகளும் குறுக்கே உள்ள வங்குகளும் நீரை ஓரளவு தடுத்து நிறுத்தும். எனினும் இறைப்பதற்கு ஒரு பாத்திரம் கயிற்றில் கட்டி எப்போதும் படகில் இருத்தல் வேண்டும்.

அமிழ்வும் பக்க உயரமும்

மேற்கூறிய 12 அடிக்கு 4 அடி படகு ஓர் அங்குலம் அமிழ ஏறத்தாழ 90 கிலோ பாரம் வேண்டும். 300 கிலோவுக்கு அது மூன்றரை அங்குலமே அமிழும். கணுக்காலுக்கு மேலான நீர் இருந்தால் மிதக்கும் என்று கொள்ளலாம். அகன்ற தட்டையடியால் ஸ்திரத்தன்மையும் குறைந்த அமிழ்வும் ஒருங்கே கிடைக்கின்றன.

பக்கத் தகட்டின் உயரம் 18 முதல் 20 அங்குலம் வரை இருத்தல் நலம். முழுப் பாரத்துடன் நிற்கும்போது நீர்மட்டத்துக்கு மேல் ஓர் அடியேனும் விளிம்பு நிற்க வேண்டும். அதற்கு மேல் உயர்த்தினால் காற்று பிடித்துப் படகைத் தள்ளும். நண்டு வலையைக் குனிந்து இழுப்பதும் சிரமமாகும். அணியம் சற்றே மேல்நோக்கி வளைந்திருந்தால் சிறு அலையில் நீர் உள்ளே தெறிக்காது. சேற்றுக்கரையில் ஏற்றுவதும் எளிதாகும்.

இத்தகைய படகு கழிக்கு உரியதேயன்றிக் கடலுக்கு உரியதன்று. முகத்துவாரத்தில் வற்றநீர் வெளியே விரையும்போது கடலலை எதிர்த்து உடையும் இடத்தில் தட்டையடிப் படகைச் செலுத்துதல் உயிருக்கு ஆபத்தாகும். நிலையான நீரில் அது தரும் உறுதியை நம்பி அலையில் இறங்குவோர் ஏமாறுவர். அலையின் சரிவோடு சேர்ந்து அகன்ற படகும் சாயும் என்பதை மறக்கலாகாது.

உலோகத்தின் தரம்

அலுமினியம் நம் நகரத்துக்குப் புதியதன்று. 1898-ஆம் ஆண்டில் ஆல்பிரட் சாட்டர்டன் சென்னைக் கைத்தொழிற் பாடசாலையில் அலுமினியப் பாத்திரம் செய்யும் தொழிலைத் தொடங்கினார். அதுமுதல் நம் இல்லங்களில் இவ்வுலோகம் பழக்கமானது. புளிக்குழம்பையும் உப்பு நீரையும் அலுமினியப் பாத்திரத்தில் இரவெல்லாம் வைத்தால் சிறு குழிகள் விழும் என்பதை இல்லத்தரசிகள் அறிவர். பாத்திரத் தகட்டில் செய்த படகுக்கும் உப்புக்கழியில் அதுவே நேரும்.

கடல்நீருக்கென்று செய்யப்படும் கலப்புலோகங்கள் வேறு. அவற்றில் மக்னீசியம் சேர்ந்திருக்கும். 5083 என்னும் எண்ணுள்ள தகட்டில் நூற்றுக்கு நான்கு முதல் ஐந்து வரையிலும், 5052 என்னும் தகட்டில் ஏறத்தாழ இரண்டரையும் மக்னீசியம் உண்டு. வாங்குவோர் இவ்வெண்களுள் ஒன்று பில்லிலும் ஆலைச் சான்றிலும் எழுதப்பட்டிருக்கிறதா எனப் பார்த்தல் அவசியம். 'நல்ல கெட்டித் தகடு' என்னும் வாய்மொழி போதாது. செம்பு கலந்த அலுமினிய வகைகள் வலிமை மிக்கனவாயினும் உப்புநீரில் விரைவில் அரிக்கப்படும். அவை நமக்கு ஆகா.

அடித்தகடு 3 மில்லிமீட்டரும் பக்கத்தகடு 2 மில்லிமீட்டரும் கனமுடையனவாயிருத்தல் நலம். ஆளி ஓட்டின்மேல் இழுபடும் அடித்தகட்டைச் சிக்கனங்கருதி மெலிதாக்குதல் தகாது. இவ்வளவில் செய்த 13 அடிப் படகு ஏறத்தாழ 100 கிலோ நிறுக்கும். நல்ல கண்ணாடியிழைப் படகும் பெரும்பாலும் இதையொட்டிய எடையினதே. ஆகையால் எடைக்குறைவு ஒன்றையே கருதி அலுமினியத்துக்கு மிகுந்த விலை கொடுக்க வேண்டியதில்லை. அலுமினியத்தின் மெய்யான நன்மைகள் மூன்று. தறியில் மோதினால் நெளியுமேயன்றி எளிதில் பிளவாது. வெயிலில் வெளிறி நார் கிளம்புவதில்லை. ஆயுள் முடிந்த பின் எடைக்கு விலைபோகும். பழைய கண்ணாடியிழைப் படகையோ கரையில் கிடத்துவதன்றி வேறு வழியில்லை.

குறைகளும் உண்டு. விலை கூடுதல். பழுது நேர்ந்தால் கிராமத்திலேயே ஒட்டிக்கொள்ள இயலாது. ஆர்கான் வாயுவைக் கொண்டு பற்றவைக்கத் தெரிந்த தொழிலாளி வேண்டும். வடசென்னைத் தொழிற்பகுதிக்கு அருகிலுள்ள நம் ஊர்களுக்கு இது பெருங்குறையன்று, தொலைவிலுள்ளோருக்குக் குறையே. நண்பகலில் தகடு காலைச் சுடும். துடுப்பு தட்டினால் எழும் ஓசையில் மடவை போன்ற மீன்கள் விலகியோடும். அடியில் ரப்பர் விரிப்பொன்றை இட்டால் இவ்விரண்டும் நீங்கும்.

தகடுகளைத் தறையாணியால் இணைத்த படகும் உண்டு. பற்றவைத்து இணைத்த படகும் உண்டு. தறையாணிகள் ஆண்டுகள் செல்லச் செல்லத் தளர்ந்து நீர் கசியும். நமது கழியின் உபயோகத்துக்குப் பற்றவைத்ததே ஏற்றது. இணைப்பைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. வெளிப்புறத்தில் சீமைச்சுண்ணாம்பைக் குழைத்துப் பூசி உலரவிட்டு, உட்புறத்தில் மண்ணெண்ணெய் தடவினால், கண்ணுக்குத் தெரியாத துவாரம் இருக்குமிடத்தில் வெள்ளைப் பூச்சின்மேல் எண்ணெய்க்கறை தோன்றும்.

நீர் நிரம்பினாலும் மூழ்காதிருத்தல்

கட்டுமரத்துக்கு இயல்பாயுள்ள பாதுகாப்பு அலுமினியப் படகுக்கு இல்லை. அலுமினியம் தண்ணீரைவிட 2.7 மடங்கு கனமானது. 100 கிலோ தகடு 37 கிலோ நீரையே விலக்கும். ஆகவே நீர் நிரம்பிய படகு, மிதவை இல்லையெனின், கல்லைப்போல் அடியில் சென்றுவிடும். படகு மிதந்துகொண்டிருந்தால் அதனைப் பற்றியிருப்போர் பிழைக்க வழியுண்டு.

படகின் எடையில் நீர் தாங்காத 63 கிலோ, 25 கிலோ எஞ்சின், இடுப்பளவு நீரில் அமர்ந்திருக்கும் இருவருக்கு 60 கிலோ எனக் கணக்கிட்டால், ஏறத்தாழ 150 லிட்டர் மிதவை வேண்டும். இரண்டு குறுக்குப்பலகைகளின் கீழுள்ள பெட்டியறைகளில் நீர் உறிஞ்சாத நுரைக்கட்டிகளை அடைத்தால் இவ்வளவு கிடைக்கும். வெறும் காற்றறை மாத்திரம் போதாது; ஒரு துவாரம் விழுந்தால் அது பயனற்றதாகும். தெர்மோகோலைப் பெட்ரோல் கரைத்துவிடும். எஞ்சின் உள்ள படகில் அதனை உபயோகித்தல் கூடாது. பழைய படகுகளில் மிதவை இல்லாதிருப்பின், இறுக மூடிய 20 லிட்டர் பிளாஸ்டிக் கேன்கள் எட்டினைப் பலகையின் கீழ் இருபக்கமும் சமமாகக் கட்டிவைக்கலாம். மிதவையைப் பக்கங்களையொட்டி உயரத்தில் வைத்தால்தான் நீர் நிரம்பிய படகு கவிழாமல் நிமிர்ந்து நிற்கும். அடியில் வைத்தால் தலைகீழாகும்.

எஞ்சினும் துடுப்பும்

மூன்றரை அங்குல நீரில் மிதக்கும் படகுக்கு வெளிப்பொறி எஞ்சினை மாட்டினால், அதன் விசிறி அடித்தகட்டுக்குக் கீழே முக்கால் அடி முதல் ஓர் அடி வரை இறங்கும். தட்டையடியால் பெற்ற லாபம் அந்நேரம் இல்லாமற் போகும். ஆகவே ஆழமுள்ள ஓடைவழியில் மாத்திரம் எஞ்சினையும், படுகைகளின்மேல் மரக்கோலையும் துடுப்பையும் உபயோகித்தல் சிறந்தது. எஞ்சின் வேண்டுமாயின் 5 குதிரைத்திறனுக்கு மேற்படாதது போதும். பெரிய எஞ்சினின் பாரம் அமரத்தை அழுத்தும். அதன் வேகமோ தறியில் மோதும்போது ஆளை நீரில் வீசும். எஞ்சினைத் தாங்கும் பின்தகட்டுக்கு உட்புறம் வலுத்தகடு பற்றவைத்திருத்தல் வேண்டும்.

பராமரிப்பு

அலுமினியத்தின் மேற்பரப்பில் காற்றுப்பட்டுத் தானே உண்டாகும் மெல்லிய படலமே அதற்குக் கவசம். அப்படலத்தைக் காப்பதே பராமரிப்பின் சாரம். கீழ்க்கண்டவற்றைக் கவனிக்க.

1. செம்பு, பித்தளை, வெண்கலம் ஆகியவற்றைப் படகில் பொருத்தலாகாது. உப்புநீரில் இவை அலுமினியத்தைத் தொட்டிருந்தால் அலுமினியமே கரையும். அடியில் விழுந்து கிடக்கும் ஒரு செம்புக்கம்பித் துண்டும் துளையிட வல்லது. துருப்பிடிக்காத எஃகு ஆணிகளை நைலான் வளையம் இட்டு மாட்டுக.

2. ஈயக்குண்டு கட்டிய வலையை ஈரத்தோடு தகட்டின்மேல் நாட்கணக்கில் குவித்து வைக்கலாகாது. விரிப்பின்மேல் வைத்து, அன்றன்றே எடுத்து உலர்த்துக.

3. பாசி பிடியாதிருக்கப் பூசும் செம்பு கலந்த வர்ணத்தைப் பூசுதல் கூடாது. தினமும் கரையேற்றும் படகுக்கு வர்ணமே அவசியமில்லை.

4. சேறும் சாம்பலும் வங்குகளின் இடுக்கில் அப்பி ஈரமாயிருந்தால் அவ்விடத்துக்குக் காற்று எட்டாமல் படலம் கெட்டுக் குழி விழும். வாரம் ஒருமுறையேனும் நன்னீரால் இடுக்குகளைக் கழுவுக.

5. சலவைச் சோடா, காரச் சோடா, சுண்ணாம்பு இவற்றால் துலக்கலாகாது. காரம் அலுமினியத்தைத் தின்றுவிடும். ஈரச் சிமெண்டுத் தரையின்மேல் படகை வைப்பதும் தவறு. மரக்கட்டைகளின்மேல் கவிழ்த்து வைக்க.

ஐந்தாவது விதி நம் பகுதியினருக்கு விசேஷ முக்கியத்துவமுடையது. 2023-ஆம் ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயலின் பெருமழை வெள்ளத்தோடு கச்சா எண்ணெய் எண்ணூர்க் கழியில் கலந்தபோது, காட்டுக்குப்பம், சிவன்படைக்குப்பம், முகத்துவாரக்குப்பம் முதலிய ஊர்களின் படகுகளும் வலைகளும் கரும்பூச்சேறின. அரசாங்கம் 787 படகுகளுக்குத் தலா 10,000 ரூபாயும், 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாயும் நிவாரணம் அறிவித்தது. எண்ணெய் மரத்தினுள் ஊறுவதைப் போல அலுமினியத்தினுள் ஊறுவதில்லை. மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்துப் பின் சாதாரண சவர்க்காரத்தால் கழுவினால் போதும். கழிவுத் துணியையும் கழுநீரையும் மீண்டும் கழியில் விடலாகாது. அவசரத்தில் காரச் சோடாவை நாடுவோர் எண்ணெயோடு தகட்டையும் இழப்பர்.

வாங்குமுன் செய்யத்தக்க பரீட்சைகள்

பணம் கொடுப்பதற்கு முன் படகை நீரில் இறக்கிப் பார்க்க வேண்டுமென வற்புறுத்துக. இதற்கு இணங்காதவரிடம் வாங்க வேண்டாம். முதலாவது, இருவர் ஒரே பக்கத்து விளிம்பையொட்டி நிற்க, விளிம்புக்கும் நீருக்கும் எஞ்சும் இடைவெளியை அளக்க. அரையடிக்குக் குறைந்தால் படகு தகுதியற்றது. இரண்டாவது, ஆழமற்ற இடத்தில் படகில் விளிம்பு வரை நீரை நிரப்பி, அது நிமிர்ந்து மிதக்கிறதா என்றும், இருவர் உள்ளே அமர்ந்தும் மிதக்கிறதா என்றும் காண்க. மூன்றாவது, நீர் இறைத்த பின் கரையேற்றி, இருவர் மாத்திரம் சேற்றில் தள்ளிப் பார்க்க. நான்காவது, விளிம்புகளைக் கையால் தடவி, வலை சிக்கும் கூர்முனைகள் உளவா என ஆராய்க. இவற்றை வாங்குவோர் தாமே செய்யாமல், அப்படகில் தொழில் செய்யப்போகும் மீனவரைக் கொண்டே செய்வித்தல் மேலானது. கழியின் ஓட்டமும் படுகையும் அவருக்கே தெரியும். கவிழ்ந்தால் நீரில் விழப்போகிறவரும் அவரே.

கிராம அதிகாரிகளின் கவனத்துக்கு

2020-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில், பாரம்பரிய மீனவர் பழைய படகுக்குப் பதிலாகப் புதிய படகும் வலையும் பெறுதற்கு உதவி வகுக்கப்பட்டது. உதவித்தொகை பொதுப்பிரிவினருக்கு நூற்றுக்கு 40 எனவும், ஆதிதிராவிடர், பழங்குடியினர், மகளிர் ஆகியோருக்கு 60 எனவும் அமைந்தது. நடப்பு ஆண்டின் விதிகளை மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டறிந்து விண்ணப்பிப்போருக்கு எடுத்துரைத்தல் நலம். உதவிக்குச் சிபாரிசு செய்யும்போது படகின் விலைப்பட்டியலை மாத்திரம் பாராமல், அடியகலம், தகட்டின் எண், மிதவையின் அளவு ஆகிய மூன்றையும் எழுத்தில் கேட்க வேண்டும். மழைக்காலத்துக்கு முன் ஊரிலுள்ள படகுகளின் எண்ணிக்கையையும் அவற்றின் நிலையையும் குறித்து வைத்தால், பூண்டியிலிருந்து நீர் திறக்கப்படும் அறிவிப்பு வரும்போது எவரை அழைப்பது என்னும் குழப்பம் நேராது.

நிலமுடையோருக்கும் ஒரு வார்த்தை. கழி பொதுநீராயினும் அதில் மீன் பிடிப்பதற்கு மீனவ ஊர்களிடையே நெடுங்கால வழக்குகள் உள்ளன. பழவேற்காட்டில் 'பாடு' என்னும் முறைப்படி எந்த நாளில் எவர் எங்கே வலை கட்டுவது என்பது முறைவைத்துத் தீர்மானிக்கப்படுகின்றது. இறாலைக் கையால் தடவிப் பிடித்து ஜீவனம் செய்யும் இருளர் குடும்பங்களுக்குப் படகே இல்லை. ஆழமற்ற ஓரங்களே அவர்களின் வயல். புதிய படகை இறக்குவோர் இவ்வழக்குகளைக் கேட்டறிந்து, ஊராருடன் கலந்து பேசியே இறக்க வேண்டும். பிறர் பாட்டில் நுழையும் படகு எவ்வளவு ஸ்திரமானதாயினும் ஊரில் நிலைக்காது.

சுருக்கம்

அடியில் 4 அடி அகலம், நீளம் 13 அடி, பக்க உயரம் 18 முதல் 20 அங்குலம், 5083 அல்லது 5052 எண்ணுள்ள தகடு, அடியில் 3 மில்லிமீட்டர் கனம், பற்றவைத்த இணைப்பு, 150 லிட்டர் மிதவை, சிறு எஞ்சின் அல்லது கோலும் துடுப்பும். இவை யாவும் பொருந்திய அலுமினியப் படகு நமது கழிக்கு நன்கு உழைக்கும். கைப்பொருள் போதாவிடின், இதே அகலமும் மிதவையும் உள்ள கண்ணாடியிழைப் படகை வாங்குதலே விவேகம். அகலமும் மிதவையும் இல்லாத படகை, அது எவ்வுலோகத்தில் செய்யப்பட்டிருப்பினும், எத்துணை மலிவாகக் கிடைப்பினும், நீக்கிவிடுக. கழிக்குச் சென்றவர் மாலையில் மீனோடு வீடு திரும்ப வேண்டும். படகைத் தேர்ந்தெடுப்போர் முதலில் கருதத்தக்கது இதுவே.